கொண்டை எங்கே டீச்சர்?

 

போன வாரம் என் தங்கை மகளின் கல்யாணப் படத்தை இங்கே போட்டிருந்தேன். மணமக்களை வாழ்த்தியவர்களைவிட என் தலையைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். "டீச்சர், கொண்டை எங்கே?" "டீச்சரா இது, நம்பவே முடியலையே!" "அக்கா, இந்த வயசுல ஸ்டைலா?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். இரண்டு பேர் போனிலேயே கூப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முடிதான் வெட்டியிருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்குப் பின்னால் உங்களுக்கு நான் பட்ட கடன் ஒன்றும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என் கொண்டையை உங்களுக்குத் தெரியும். 1986இல் வேலையில் சேர்ந்த நாள் முதல் 2018இல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒரே கொண்டைதான். அதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. விடுதியில் காலை ஆறரை மணிக்குள் எண்ணெய் தேய்த்து, ஒரு முடி பறக்காமல் வாரி நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. காலையில் கண்ணாடிகூடப் பார்க்க மாட்டேன். வாரி, முறுக்கி, சுற்றி, நான்கு ஊசி, காதுக்கு மேலே பக்கத்துக்கு ஒரு ஸ்லைடு. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சாயங்காலம் வரை அசையாது. எங்கள் வீட்டு சார், "உன் கொண்டையை நம்பி வீட்டுக்குச் சுவரே எழுப்பலாம்" என்று கேலி செய்வார்.

ஓய்வு பெற்று ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் நெற்றியின் இரண்டு ஓரமும் வெறிச்சென்று இருப்பதைக் கவனித்தேன். ஏறுநெற்றி எங்கள் குடும்பத்திலேயே உண்டு என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு காதுக்கு மேலே, ஸ்லைடு குத்தும் இடத்தில், எட்டணாக் காசு அகலத்துக்குத் தோல் தெரிய ஆரம்பித்தது. கண்மையைத் தொட்டு அந்த இடத்தில் லேசாகத் தேய்த்து மறைத்துக்கொண்டு கோவிலுக்குப் போவேன். வியர்த்தால் கருப்பு வழியும். கைக்குட்டையோடுதான் நிற்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. அறுபது வயதுக்கு மேல் முடியைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம்.

என் மருமகள்தான் கண்டுபிடித்து, "அத்தை, டாக்டரைப் பார்த்துடுவோம்" என்று தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா ஒரு சின்ன லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இப்படி இழுத்துக் கொண்டை போடுறீங்க?" என்று கேட்டார். கணக்குப் பார்த்தேன். நாற்பது வருடம் ஆகியிருந்தது.

ஒவ்வொரு நாளும் முடியை இழுத்துக் கட்டினால், முன்நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் இருக்கிற மயிர்க்கால்கள்தான் அந்த இழுவையை முதலில் தாங்குகின்றனவாம். ஆரம்பத்திலேயே கவனித்துத் தளர்த்திவிட்டால் முடி திரும்ப வந்துவிடும். பல வருடம் விட்டுவிட்டால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், அதற்குப் பிறகு அந்த இடத்தில் முளைக்காது. சின்ன வயதிலிருந்தே இறுக்கிச் சடை பின்னுகிற பெண் பிள்ளைகளுக்கும் இது வரும் என்றார். எனக்குச் சில இடங்களில் வாய்ப்பு இருக்கிறது, சில இடங்களில் இல்லை. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "முதல்ல அந்தக் கொண்டையை விடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

கொண்டையை விட்டால் வேறு என்ன செய்வது? தளர்வாகக் கட்டினால் முன்னால் இருக்கிற முடி கலைந்து, வெறும் இடம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மதுரையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பார்லர் இருக்கிறது. மருமகள் அங்கே அழைத்துப்போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

முடி வெட்டுகிற பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் காதோரத்தைப் பார்த்தாள். "அச்சச்சோ" என்றெல்லாம் சொல்லவில்லை. "முன்னாடி முடியைக் கொஞ்சம் சரிவா வெட்டி, முகத்தை ஒட்டி விழுற மாதிரி விட்டுடலாம் டீச்சரம்மா. இழுக்கவும் வேண்டாம், மறைக்க மை பூசவும் வேண்டாம்" என்றாள். மையையும் கண்டுபிடித்துவிட்டாள்! இந்த வெட்டுக்கு ஃபேஸ் ஃப்ரேமிங் லேயர் என்று பெயராம். படத்துக்குச் சட்டம் போடுகிற மாதிரி முகத்துக்கு முடியால் ஒரு சட்டம்.

அவள் வேலை செய்ததை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாம் வகுப்புக்கு முக்கோணம் நடத்தினவள் இல்லையா! அது முழுக்க முழுக்கக் கணக்குப் பாடம்தான்.

முடியை நனைத்து, சிக்கெடுத்து, இயல்பாக எங்கே வகிடு விழுகிறதோ அங்கேயே வகிடு எடுத்தாள். உச்சிக்கு முன்னால் ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு காது வரை இரண்டு கோடு. அந்த முக்கோணத்துக்குள் இருக்கிற முடிதான் முன்னால் விழப்போகிறது. மீதியைக் கிளிப் போட்டுப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "உங்களுக்கு ஓரத்துல முடி கம்மி. அதனால முக்கோணத்தைக் கொஞ்சம் பின்னாடி இருந்து எடுக்கிறேன். மேல இருந்து வந்து விழுற முடிதான் காதோரத்தை மூடும்" என்றாள்.

அடுத்து ஒரு மெல்லிய கத்தையை முன்னால் வாரி, எந்த அளவில் தொடங்குவது என்று பார்த்தாள். மிகக் குட்டையான முடி எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்க்கிறவர் கண் முதலில் போய் நிற்குமாம். நீளமான முகமென்றால் கன்னத்து எலும்பு அருகில் தொடங்கலாம், வட்ட முகத்துக்குத் தாடைக்குக் கீழே தொடங்கினால் நன்றாக இருக்கும் என்றாள். எனக்கு வட்ட முகம். தாடைக்கு ஒரு விரல் கீழே வைத்து முதல் வெட்டு. அந்த முதல் கத்தைதான் வழிகாட்டி. நாம் முதல் வரியை எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளை அதேபோல் எழுதச் சொல்வோமே, அந்த மாதிரி. அதற்குப் பின்னால் உள்ள முடியை அதோடு சேர்த்து முன்னால் வாரி, விரல்களைச் சாய்வாகப் பிடித்து, தாடையிலிருந்து தோள் வரை சரிவாக இறக்கிக்கொண்டே வந்தாள். பிறகு கத்தரியை நெட்டுக்குத்தாகப் பிடித்து நுனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தாள். ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி கோடு தெரியாமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டுமாம்.

கடைசியில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே இடத்து முடியை இரண்டு விரலால் பிடித்துத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்து, இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். இடது பக்கம் ஒரு நூல் நீளம் கூடுதல். சரிசெய்தாள். நல்ல விடைத்தாள் என்று மனதுக்குள் முழு மதிப்பெண் போட்டேன்.

அந்தக் காலத்தில் 'சாதனா கட்' என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் பிறந்த 1960இல் வந்த 'லவ் இன் சிம்லா' என்ற இந்திப் படத்தில் நடிகை சாதனாவுக்கு நெற்றியில் முடி வெட்டிவிட்டார்கள். இயக்குநர் ஆர்.கே. நய்யார் அப்படிச் செய்யச் சொன்னதற்குக் காரணம் சாதனாவின் அகன்ற நெற்றி. ஆட்ரி ஹெப்பர்ன் வைத்திருந்த முடியைப் பார்த்து வந்த யோசனை அது. நெற்றியை மறைக்கச் செய்த ஏற்பாடு நாடு முழுக்க நாகரிகமாகிவிட்டது. தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அது ஸ்டைலாகத் தெரிந்தது. நெற்றிக்காக வெட்டியது என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

வெட்டி முடித்துக் காய வைத்ததும் முடி முகத்தின் இரண்டு பக்கமும் இறங்கி, காதோரத்தை மூடிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் யாரோ ஓர் அம்மா, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். ஆனால் என் கை என்ன செய்தது தெரியுமா? பழக்கதோஷத்தில் மேலே போய், அந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் தள்ளியது. மடியில் கழற்றி வைத்திருந்த ஸ்லைடை இன்னொரு கை தேடியது. அந்த இடத்தில்தான் எனக்கு அவள் ஞாபகம் வந்தாள்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

1997ஆம் வருடம். ஏழாம் வகுப்பு. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். தீபாவளி விடுமுறைக்குப் போன ஒரு மாணவி ஒரு மாதத்துக்கு மேல் பள்ளிக்கு வரவில்லை. அம்மாச்சி ஊரில் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. நானும் வருகைப் பதிவேட்டில் குறித்ததோடு விட்டுவிட்டேன். அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாள் முன்னால் வந்தாள். இரட்டைச் சடை இல்லை. பின்னால் ஒரே கட்டு. முன்னால் முகத்தின் இரண்டு பக்கமும் கன்னம் வரை சரிவாக வெட்டிய முடி தொங்கிக்கொண்டிருந்தது.

நம் பள்ளி விதி உங்களுக்கு மறந்திருக்காது. எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். அந்த விதிக்கு நியாயமும் இருந்தது. நாற்பத்தைந்து பிள்ளைகள் நெருக்கி உட்கார்கிற வகுப்பில் ஒரு தலையில் பேன் வந்தால் வகுப்புக்கே வந்துவிடும். வசதி உள்ளவள், இல்லாதவள் என்ற வித்தியாசமும் தலையில் தெரியக்கூடாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் "சடையைப் பிடிச்சா கண்ணு மேல ஏறணும்" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு எந்த நியாயமும் இல்லை.

"என்ன இது கோலம்? பரீட்சைக்கு வந்தியா, சினிமாவுக்கு வந்தியா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முடி இன்னும் முன்னால் விழுந்தது. "இங்க வா" என்று கூப்பிட்டேன். என் கொண்டையிலிருந்து இரண்டு ஸ்லைடையும் எடுத்து, அவள் முடியை வாரி ஒதுக்கி, காதுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாகக் குத்தினேன்.

வலது காதிலிருந்து கன்னம் வரை தீக்காயத் தழும்பு. புதுசு. தோல் பளபளவென்று சிவந்து சுருங்கியிருந்தது. தீபாவளிக்கு முறுக்குச் சட்டி எண்ணெய் தெறித்திருக்கிறது.

வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் என்ன செய்தேன் என்று இருபத்தெட்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, எங்கள் வீட்டு சாரிடம்கூட. நான் அந்த ஸ்லைடைக் கழற்றவில்லை. கழற்றினால் நான் தப்புச் செய்துவிட்டேன் என்று நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். அதனால், "போய் உட்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று முழுக்க அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் இரட்டைச் சடை, ரிப்பனோடு வந்தாள். முகத்தில் ஒரு முடி இல்லை. "நல்ல பிள்ளை, சொன்னா கேட்டுக்கிட்டா" என்று ஆசிரியர் அறையில் சொன்னேன்.

பார்லரிலிருந்து வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பழைய மாணவர் ஒருவரிடம் அவள் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறாள். நாற்பது வயது. "டீச்சர்! நல்லா இருக்கீங்களா?" என்று சந்தோஷமாகத்தான் பேசினாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஏழாம் வகுப்புல உன் முடியில நான் ஸ்லைடு குத்தினேனே, ஞாபகம் இருக்காம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இருக்கு டீச்சர்."

அப்புறம் அவளாகவே சொன்னாள். "அது எங்கம்மா வெட்டினது. ஜாக்கெட் தைக்கிற கத்தரியில, ராத்திரி லைட்டுக்குக் கீழ உட்கார வச்சு வெட்டினாங்க. காயம் ஒரு பக்கம்தானே. ஆனா ஒரு பக்கம் மட்டும் வெட்டினா எதையோ மறைக்கிறோம்னு தெரிஞ்சுடும், ரெண்டு பக்கமும் வெட்டினா ஸ்டைலுக்கு வெட்டினதா நினைச்சுக்குவாங்கன்னு சொல்லி, இந்தப் பக்கமும் சமமா வெட்டிவிட்டாங்க."

அந்தத் தாய் நினைத்தபடியேதான் நடந்திருக்கிறது. நான் அதை ஸ்டைல் என்றுதான் நினைத்தேன்.

"ஸ்லைடு குத்தினதுகூடப் பரவாயில்ல டீச்சர். சாயங்காலம் மணி அடிச்சதும் ரெண்டையும் கழட்டி உங்ககிட்ட கொண்டுவந்து குடுத்தேன். நீங்க வாங்கி உங்க கொண்டையில குத்திக்கிட்டீங்க. 'எப்படிம்மா ஆச்சு'ன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நின்னேன்."

அவள் ஸ்லைடைத் திருப்பிக் கொடுத்தது எனக்கு ஞாபகமே இல்லை. அவள் நின்றதும் ஞாபகம் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, நீங்க போய்" என்றாள். "மன்னிச்சுட்டேன்" என்று சொல்லவில்லை. நானும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. வகுப்பு முன்னால் செய்த தப்பை அந்த வகுப்பு முன்னாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும், இதை எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எழுதுங்க டீச்சர். பேரு மட்டும் வேண்டாம்" என்றாள். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு அவள் யார் என்று தெரியும். தயவுசெய்து பெயரை எழுதாதீர்கள்.

உங்களில் பலர் இன்று தாய்மார்கள், சிலர் ஆசிரியர்கள். உங்களுக்குச் சில வார்த்தை.

பெண் பிள்ளைக்குச் சடை பின்னும்போது அவள் முகத்தைப் பாருங்கள். "வலிக்குதும்மா" என்று சொன்னால் உண்மையாகவே வலிக்கிறது. தளர்த்துங்கள். நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தாலோ, அங்கே முடி குட்டையாக உடைந்து நின்றாலோ இழுவை அதிகம் என்று அர்த்தம். ஒரே இடத்தில் தினமும் வகிடு எடுக்காதீர்கள், ஒரே இடத்தில் ஸ்லைடு குத்தாதீர்கள். ஈரத்தோடு இறுக்கிக் கட்டாதீர்கள். ராத்திரியாவது அவிழ்த்துவிடுங்கள்.

வீட்டில் பிள்ளைக்கு முன்முடி வெட்டிவிட ஆசைப்பட்டால், நல்ல கூரான கத்தரி வேண்டும். காகிதம் வெட்டுகிற கத்தரி முடியைக் கடித்து நுனியைப் பிளந்துவிடும். நினைத்த அளவைவிட இரண்டு விரல் கீழேயே வெட்டுங்கள். ஈரமுடி காய்ந்ததும் மேலே ஏறும், சுருட்டை முடி இன்னும் அதிகமாக ஏறும். குறைந்தால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். கூடிவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும்.

ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. விதியைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை திடீரென்று மாறி வந்து நின்றால், அதன் தலையைத் தொடுவதற்கு முன் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். அரை நிமிட வேலை. நான் அதைச் செய்யாமல் விட்டு இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

1986 முதல் 2018 வரை என்னிடம் படித்த பெண் பிள்ளைகளே, உங்கள் சடையை அவிழ்த்து நான் மறுபடி இறுக்கிப் பின்னியிருக்கிறேன். சிலருடைய ரிப்பனைப் பிடித்து இழுத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இன்று காதோரத்தில் முடி குறைந்திருந்தால், அதில் என் கையும் கொஞ்சம் இருக்கும். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கொண்டை எங்கே என்று கேட்டீர்களே. இனிமேல் கொண்டை இல்லை. அடுத்த மாதம் மறுபடி போய் நுனியைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும் என்று பார்லர் பெண் சொல்லியிருக்கிறாள். ஸ்லைடு டப்பாவை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். கை மட்டும் இன்னும் பழக்கத்தில் காதுப் பக்கம் போகிறது. போகும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது. வரட்டும்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உங்கள் டீச்சர்.